சினலோவா பாணியில் ஒரு பித்தளைக் குழு: ஆள் சேர்ப்பது முதல் பாட்டுத் தேடுவது வரை

மெக்சிகோவின் ஊதுகருவிக் குழுக்களைக் கேட்டுவிட்டு, அதே பாணியில் தாங்களும் ஒரு குழு தொடங்க விரும்பும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

கேள்வி: மெக்சிகோ இசைக்குழு என்றதும் அகலத் தொப்பியும் வயலினும் கிட்டாருமாக நிற்பவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பித்தளைக் குழு என்பதும் அதுதானா?

பதில்: இல்லை. நீங்கள் சொல்வது மரியாச்சி. வயலின், விஹுவேலா, கிட்டாரோன் என்று நரம்புக் கருவிகள்தான் அதற்கு அடித்தளம். ட்ரம்பெட் அதில் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

ஊதுகருவிக் குழுக்களில் முக்கியமாக மூன்று பாணிகள் உண்டு. முதலாவது, பசிபிக் கரையோர மாநிலமான சினலோவாவின் ‘பாந்தா’. 19ஆம் நூற்றாண்டின் ராணுவ பேண்டுகளிலிருந்தும் ஊர்ப்புறக் குழுக்களிலிருந்தும் வளர்ந்தது. கிளாரினெட், ட்ரம்பெட், வால்வு டிராம்போன், சார்ச்சேட்டா (ஒருவகை ஹார்ன்), சூசாபோன் (உடலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் டியூபா), அவற்றோடு இரண்டு தாளக் கலைஞர்கள். மசத்லான் நகருக்கு அருகே எல் ரெகோதோ கிராமத்தில் கிளாரினெட் கலைஞர் குரூஸ் லிசாரகா 1938இல் தொடங்கிய பாந்தா எல் ரெகோதோ இந்தப் பாணியின் முகவரியாகவே ஆகிவிட்டது. இரண்டாவது, சகடேகாஸ் மாநிலத்தின் தம்போராசோ. இது சிறிய குழு. சாக்சபோன் இருக்கும், பெரிய டிரம்தான் அதிகாரம் செலுத்தும், டியூபா பெரும்பாலும் இருக்காது. மூன்றாவது, தெற்கே வஹாகாவின் ஊர் பேண்டுகள். அங்கே நொட்டேஷன் பார்த்து வாசிக்கும் பழக்கம் மிக வலுவானது. மிஹே பழங்குடி மக்கள் வாழும் சாந்தா மரியா த்லாவிதோல்தெபெக்கில் இதற்கென்றே ஓர் இசைப் பயிற்சி மையம் இருக்கிறது.

கையில் இருக்கும் கலைஞர்களைப் பார்த்துப் பாணியைத் தேர்ந்தெடுங்கள். சாக்சபோன் வாசிப்பவர்கள் நிறைய, டியூபா ஆள் இல்லை என்றால் தம்போராசோ. கிளாரினெட்டும் டியூபாவும் கிடைத்தால் சினலோவா. கீழே உள்ள பதில்கள் சினலோவா பாணியை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

கேள்வி: காணொளிகளில் பதினாறு பதினேழு பேர் நிற்கிறார்கள். எங்களிடம் எட்டுப் பேர்தான். தொடங்கலாமா?

பதில்: ஒத்திகையைத் தொடங்கலாம். மேடைக்கு 11 பேர் சேரும்வரை காத்திருங்கள்.

பெரிய குழுக்களில் கிளாரினெட் 3 அல்லது 4, ட்ரம்பெட் 3, டிராம்போன் 3, சார்ச்சேட்டா 2 அல்லது 3, சூசாபோன் 1, தரோலா (ஸ்நேர் டிரம்) 1, தம்போரா (பெரிய டிரம்) 1 என்று இருக்கும். பாடகர்கள் தனி. இந்த அமைப்பின் நுட்பம் எண்ணிக்கையில் இல்லை, குடும்பங்களில் இருக்கிறது. கிளாரினெட் ஒரு குடும்பம், ட்ரம்பெட் ஒன்று, டிராம்போன் ஒன்று. ஒரு வரியைக் கிளாரினெட் குடும்பம் பாடினால் அடுத்ததை டிராம்போன் குடும்பம் எடுத்துக்கொள்ளும், பிறகு ட்ரம்பெட், கடைசியில் எல்லோரும் சேருவார்கள். எனவே ஒவ்வொரு குடும்பத்திலும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அது தனி வாசிப்பாகிவிடும். இரண்டு குரலாகச் சேர்ந்து வரும் அந்த நிறம் கிடைக்காது.

கணக்கு இப்படி வரும்: கிளாரினெட் 2, ட்ரம்பெட் 2, டிராம்போன் 2, சார்ச்சேட்டா 2, சூசாபோன் 1, தாளம் 2. மொத்தம் 11. பன்னிரண்டாவது ஆள் கிடைத்தால் மூன்றாவது கிளாரினெட்டாகச் சேருங்கள். திறந்தவெளியில் முதலில் காணாமல் போவது கிளாரினெட்தான். பதின்மூன்றாவது ஆள் மூன்றாவது டிராம்போன்.

எட்டுப் பேரை வைத்துத் தொடங்கும்போது பலரும் மெல்லிசை, அதாவது பாட்டின் மெட்டு, வாசிப்பவர்களைத் தேடுகிறார்கள். நாங்கள் அதற்கு நேர் எதிராகச் சொல்வோம். சூசாபோன், இரண்டு சார்ச்சேட்டா, தம்போரா, தரோலா ஆகிய ஐவரை முதலில் உறுதி செய்யுங்கள். இந்த ஐவர் மட்டும் ஒரு போல்காவையும் (இரண்டு அடி நடனத் தாளம்) ஒரு வால்ட்ஸையும் (மூன்று அடி) மெல்லிசையே இல்லாமல் ஐந்து நிமிடம் ஆடவைக்கும்படி வாசிக்கட்டும். அதற்குப் பிறகு மேலே யார் வந்து ஊதினாலும் பாந்தா போல ஒலிக்கும். கீழ்த்தளம் நிலையில்லாமல் தள்ளாடினால் எவ்வளவு நல்ல ட்ரம்பெட் வந்தாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: சார்ச்சேட்டா என்ற கருவி எங்கும் கிடைக்கவில்லை. அதை விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. அது வேறொன்றுமில்லை, ஈ-ஃபிளாட் ஆல்டோ ஹார்ன். சினலோவாவில் அதற்கு வழங்கும் பெயர் சார்ச்சேட்டா. பழைய கருவிகளில் ‘ஆல்டோ ஹார்ன்’, ‘டெனர் ஹார்ன்’ என்ற இரண்டு பெயர்களிலும் தேடுங்கள். பிரிட்டிஷ் பித்தளைக் குழுக்களில் இதே சுருதியில் உள்ள கருவிக்கு டெனர் ஹார்ன் என்று பெயர்.

கிடைக்கவே இல்லையென்றால் இரண்டு மாற்றுகள் இருக்கின்றன. ஒன்று ஆல்டோ சாக்சபோன். அதுவும் ஈ-ஃபிளாட் கருவி, எழுதிய ஸ்வரம் ஒலிக்கும் விதமும் ஸ்தாயியும் சார்ச்சேட்டாவுடையதே. பார்ட்டை (ஒரு கருவிக்கென்று எழுதிய தாளை) மாற்றி எழுதாமல் அப்படியே கொடுத்துவிடலாம். ஒலி மட்டும் சற்று வழவழப்பாக இருக்கும். நாக்கால் குறுகத் தட்டி வாசிக்கச் சொன்னால் பாதி சரியாகிவிடும். மற்றொன்று, அணிவகுப்புக் குழுக்களில் வரும் எஃப் மெலோஃபோன். ஒலி நெருக்கமாக இருக்கும், ஆனால் பார்ட்டை ஒரு முழு ஸ்வரம் இறக்கி எழுத வேண்டும். ஈ-ஃபிளாட் பார்ட்டில் ‘ஸி’ என்று இருப்பது மெலோஃபோனுக்கு ‘பி-ஃபிளாட்’. இதை மறந்து பழைய தாளையே கொடுத்துவிட்டுச் சுருதி சேரவில்லையே என்று கருவியைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது.

மௌத்பீஸ் ஆல்டோ ஹார்னுக்கென்று செய்ததாக இருக்கட்டும். பிரெஞ்சு ஹார்ன் மௌத்பீஸை அடாப்டர் வைத்துப் பொருத்தினால் ஒலி மெலிந்து, மேல் ஸ்வரங்கள் விலகும்.

கேள்வி: வால்வு டிராம்போன்தான் வேண்டுமா? எங்களிடம் இருப்பவை இழுத்து வாசிக்கும் டிராம்போன்கள்.

பதில்: இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். ஆனால் சினலோவாவில் வால்வு டிராம்போன் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் ஓடும் வேகத்திலேயே டிராம்போனும் ஓட வேண்டிய இடங்கள் இந்த இசையில் ஏராளம். ஸ்லைடில் அது கடினம். ஸ்லைடு வைத்திருப்பவர்கள் அந்த ஓட்டங்களில் ஒவ்வொரு பீட்டின் முதல் ஸ்வரத்தை மட்டும் வாசித்துவிட்டு, நீண்ட ஸ்வரங்களில் முழுதாகச் சேர்ந்துகொள்ளலாம்.

வால்வு டிராம்போனுக்கு ஒரு வசதி இருக்கிறது. விரல் அமைப்பு ட்ரம்பெட்டுடையதுதான். பார்ட்டை பி-ஃபிளாட் ட்ரெபிள் கிளெஃபில் எழுதிக் கொடுத்தால் ட்ரம்பெட் வாசிப்பவர் உடனே எடுத்து வாசிக்கலாம். ஒலி ட்ரம்பெட்டைவிட ஒரு ஸ்தாயி கீழே வரும். உதட்டுக்குப் பெரிய மௌத்பீஸ் பழகச் சில வாரங்கள் ஆகும், அவ்வளவே.

தொல்லை ஒன்றும் இருக்கிறது. 1-3 வால்வுகளைச் சேர்த்து அழுத்தும் ஸ்வரங்களும், 1-2-3 சேர்த்து அழுத்தும் ஸ்வரங்களும் சுருதி ஏறி ஒலிக்கும். கச்சேரிச் சுருதியில் (உண்மையில் ஒலிக்கும் சுருதியில்) சொன்னால் கீழ் எஃப், பேஸ் கிளெஃபின் இரண்டாவது இடைவெளியில் உள்ள ஸி ஆகியவை 1-3, அவற்றுக்கு அரை ஸ்வரம் கீழே உள்ளவை 1-2-3. பி-ஃபிளாட் ஸ்கேலில் எஃப்பும் ஸியும் வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது வால்வின் ஸ்லைடைச் சற்று வெளியே இழுத்து, 1-3 சுருதி சேரும்படி நிறுத்திவிடுங்கள். மூன்றாவது வால்வைத் தனியாக யாரும் அழுத்துவதில்லை, அதற்குப் பதில் 1-2 இருக்கிறது. ஆகவே நட்டமில்லை.

கேள்வி: பழைய சூசாபோன் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்குவது?

பதில்: ஒவ்வொரு வால்வின் ஸ்லைடையும், அந்த வால்வை அழுத்தாமல், சட்டென்று இழுத்துப் பாருங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் வால்வு காற்றைப் பிடிக்கிறது. சத்தமே வராமல் வழுக்கிக்கொண்டு வந்தால் வால்வு தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யும் செலவு கருவியின் விலையையே எட்டலாம். கழுத்துக் குழாயும், அதோடு மௌத்பீஸைச் சேர்க்கும் சிறு வளைவுத் துண்டுகளும் கூடவே இருக்கின்றனவா என்று கேளுங்கள். அவை தொலைந்துபோய், வேறு கருவியின் துண்டைச் செருகியிருந்தால் காற்று கசியும், வாசிப்பவரின் கழுத்தும் நோகும். மௌத்பீஸ் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பித்தளை உள்ளிருந்து அரிக்கிறது என்று பொருள். வெளியே உள்ள பள்ளங்களைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். விரிந்த வாய்ப்பகுதியான மணியில் இருக்கும் பள்ளம் கண்ணுக்குத்தான் உறுத்தும். மெல்லிய குழாய்ப் பகுதியில் இருப்பதுதான் ஒலியைக் கெடுக்கும்.

ஃபைபர் கிளாஸ் சூசாபோன் எடை குறைவு, ஊர்வலத்துக்கு ஏற்றது. ஆனால் பாந்தாவில் டியூபாதான் பாட்டைத் தாங்குகிறது. பித்தளை கிடைத்தால் பித்தளையே வாங்குங்கள்.

கேள்வி: தம்போரா, தரோலா இரண்டுக்கும் பதிலாக ஒரு டிரம் செட் போதாதா?

பதில்: போதாது. தம்போரா இரண்டு பக்கமும் தோல் போர்த்த பெரிய டிரம். அதன் மேல் ஒரு சிம்பல் பொருத்தியிருக்கும். ஒரு கையில் பிடித்த கோலால் தோலை அடித்து, மறு கையில் இன்னொரு சிம்பலை வைத்து மேலே உள்ளதோடு மோதுவார்கள். டிரம் செட்டில் காலால் அடிக்கும் பேஸ் டிரம்முக்கு இந்த வலு வராது. சிம்பலைத் திறந்து ஒலிக்கவிடுவது, மூடி அடக்குவது என்ற இரண்டு நிறமும் கிடைக்காது. தரோலாக்காரர் ஸ்நேர் டிரம்மோடு டிம்பாலே, மணி, தொங்கும் சிம்பல் எல்லாம் வைத்துக்கொண்டு உருட்டல்களையும் திருப்பங்களையும் பார்த்துக்கொள்வார்.

ஒரு பேஸ் டிரம்மில் சிம்பல் தாங்கியைத் திருகிப் பொருத்தித் தம்போரா செய்துகொள்ளலாம். தாங்கி ஓட்டின் பக்கவாட்டில் அல்லாமல் சரியாக மேலே வரட்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை வலிக்கும். மேல் சிம்பலை இறுக முடுக்காதீர்கள். இறுகியிருந்தால் மோதும்போது விளிம்பிலிருந்து விரிசல் விடும்.

கேள்வி: நொட்டேஷன் எங்கே கிடைக்கும்? தேடித் தேடிப் பார்த்தும் மரியாச்சிக்கு எழுதியவைதான் வருகின்றன.

பதில்: உங்கள் தேடலில் குறையில்லை. பாந்தாவுக்கு அச்சிட்ட முழு ஸ்கோர்கள் மிகவும் அரிது. குழுக்கள் தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே எழுதிக்கொள்கின்றன, அல்லது காதால் கேட்டுப் பிடித்துக்கொள்கின்றன. உங்கள் குழுவிலும் ஒருவர் அந்த வேலையை ஏற்க வேண்டும். பித்தளைக்காரரைத் தேடுவதைவிட அவரைத் தேடுவது அவசரம் என்றே சொல்வோம்.

ஆனால் மூலப்பொருள் நிறையக் கிடைக்கிறது. முதலில் பழைய பியானோ பதிப்புகள். குவானஹுவாதோ மாநிலத்தில் பிறந்த ஒதோமி பழங்குடி இசைஞர் ஹுவெந்தினோ ரோசாஸின் ‘சோப்ரே லாஸ் ஓலாஸ்’ வால்ட்ஸ் 1888இல் வெளிவந்தது. உலகமே கேட்ட மெட்டு. அதன் பியானோ பிரதி ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய ஸ்கோர் நூலகத்தில் இலவசம். 1884-85இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த உலகக் கண்காட்சிக்கு மெக்சிகோவின் எட்டாவது குதிரைப்படை பேண்டு போய் வாசித்து ஊரையே கவர்ந்தது. அதன் பிறகு அந்நகரின் ஜூனியஸ் ஹார்ட் என்ற பதிப்பாளர் மெக்சிகோ மெட்டுகளை வரிசையாக அச்சிட்டார். அந்தத் தாள்கள் அமெரிக்க நூலகங்களின் மின் தொகுப்புகளில் கிடைக்கின்றன. பியானோவின் இடது கை ஏற்கனவே ‘பூம்-சக்-சக்’ என்றுதான் எழுதப்பட்டிருக்கும். பூம் சூசாபோனுக்கு, சக் சார்ச்சேட்டாக்களுக்கு. பாதி அரேஞ்ச்மென்ட் உங்கள் கையில் தயாராக இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஒலிப்பதிவுகள். லாஸ் ஏஞ்சல்ஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் உள்ள ஃப்ரோன்தேரா தொகுப்பில் பழைய மெக்சிகோ இசைத்தட்டுகள் பெருமளவில் மின்வடிவில் இருக்கின்றன. வெளியிலிருந்து கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு துணுக்கு மட்டுமே ஒலிக்கும். அப்படியும் எந்தப் பாட்டு, யார் வாசித்தது என்று அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்றாவதாக, சாதாரண கான்சர்ட் பேண்டுக்கு எழுதிய மெக்சிகோ அணிவகுப்பு இசை. ஹெனாரோ கோதினாவின் சகடேகாஸ் மார்ச் பல பதிப்புகளில் உண்டு. புல்லாங்குழல், ஓபோ வரிகளைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஹார்ன் வரிகளைச் சார்ச்சேட்டாவுக்கு மாற்றினால் போதும். ஹார்ன் பார்ட் எஃப்பில் இருக்கும், சார்ச்சேட்டாவுக்கு ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுதுங்கள்.

கேள்வி: ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது எப்படி? எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: மெல்லிசையில் தொடங்காதீர்கள். அது எப்படியும் காதில் விழுந்துவிடும்.

முதலில் பாட்டின் வரைபடம். ஒரு தாளில் முன்னிசை எத்தனை பார் (தாளச் சுற்று), முதல் சரணம் எத்தனை, இடையிசை எத்தனை, யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் எட்டு அல்லது பதினாறு பார்களாகப் பிரியும். ஒன்பது வந்தால் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் ஒன்பதே என்றால் ஒரு பார் நீட்டி மூச்சு விட்டிருப்பார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டியூபா. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் சுருதி மாறாமல் வேகத்தை 60 சதவீதமாகக் குறைக்கலாம். மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் டியூபா கேட்காது. சூசாபோனின் கீழ் பி-ஃபிளாட் 58 ஹெர்ட்ஸ்தான், சிறிய ஒலிபெருக்கிகள் அங்கே ஊமை. ஹெட்ஃபோன் போடுங்கள். அப்படியும் பிடிபடவில்லையென்றால் மென்பொருளில் ஒரு ஸ்தாயி ஏற்றிக் கேளுங்கள்.

டியூபா கிடைத்தால் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பு) பாதி கிடைத்த மாதிரி. பழைய பாட்டுகளில் பெரும்பாலும் ஒன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று கார்ட்கள், நடுவில் எப்போதாவது இரண்டாவது ஸ்வரத்தின் ஏழாம் கார்ட். சார்ச்சேட்டா இரண்டே என்றால் கார்டின் காந்தாரத்தையும் ஏழாவது ஸ்வரத்தையும் கொடுங்கள். ஏழாவது இல்லாத கார்டில் காந்தாரமும் பஞ்சமமும். மூல ஸ்வரம் டியூபாவிடம் இருக்கிறது, திரும்பச் சொல்ல வேண்டாம்.

பிறகு மெல்லிசையின் முதல் குரல், அதன் பின் இரண்டாம் குரல். இரண்டாம் குரல் பொதுவாக மூன்று ஸ்வரம் கீழே ஓடும். மேலே க-ம-ப என்றால் கீழே ஸ-ரி-க. இதைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றும் இடத்தில்தான் தவறு வருகிறது. மேல் குரல் ஸட்ஜத்தில் வந்து நிற்கும்போது மூன்று கீழே போனால் தைவதம் கிடைக்கும். பாட்டு முடியும் இடத்தில் அது சோகமாக ஒலித்துக் கார்டையே மாற்றிவிடும். அங்கே பஞ்சமமோ கீழ்க் காந்தாரமோ கொடுங்கள். கிளாரினெட், ட்ரம்பெட், டிராம்போன் என எல்லாக் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கே.

அதன் பின் பாடகர் மூச்சு விடும் இடங்களில் வரும் பதில் வரிகள். இவற்றை யார் வாசிக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு சரணத்துக்கு ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

தாளத்துக்கு ஒவ்வொரு அடியையும் எழுத வேண்டியதில்லை. ‘போல்கா, 16 பார், 16ஆவது பாரில் வெட்டு’ என்று எழுதினால் தெரிந்தவர் வாசிப்பார்.

ஒரு எச்சரிக்கை. பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் மின்வடிவாகும்போது வேகம் மாறியிருக்கலாம். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறும். பாட்டு ஈ-ஃபிளாட்டுக்கும் ஈக்கும் நடுவில் நிற்பதாகத் தெரிந்தால் ஈ-ஃபிளாட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஊதுகருவிக்காரர்கள் அங்கேதான் வாசித்திருப்பார்கள்.

அக்கார்டியன், கிட்டார் குழுக்களின் பாட்டை எடுத்தால் ஸ்கேலை மாற்றியே ஆக வேண்டும். கச்சேரிச் சுருதியில் ஈ மேஜர் என்றால் ட்ரம்பெட்டுக்கு ஆறு ஷார்ப், சார்ச்சேட்டாவுக்கு ஏழு. அரை ஸ்வரம் இறக்கி ஈ-ஃபிளாட் ஆக்கினால் ட்ரம்பெட்டுக்கு எஃப், சார்ச்சேட்டாவுக்கு ஸி. எல்லோருக்கும் நிம்மதி. பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட், எஃப் ஆகிய மூன்றில் முதல் பத்துப் பாட்டுகளை அடக்கிவிடுங்கள். பாடகரின் குரல் எதில் அமைகிறதோ அதுவே முடிவு.

கேள்வி: எல்லாம் எழுதிக் கொடுத்தோம். சுருதியும் சரிதான். ஆனாலும் வாசித்தால் ஒரே இரைச்சல். ஏன்?

பதில்: பார்ட்களைப் பார்க்காமலே ஒன்றைச் சொல்லலாம்: எல்லோரும் எல்லா நேரமும் வாசிக்கிறார்கள். மூன்று நிமிடப் பாட்டில் முழுக்குழுவும் சேர்ந்து ஒலிக்கும் இடம் முன்னிசை, இடையிசையின் முடிவு, கடைசி வரிகள். மற்ற இடங்களில் ஒரு குடும்பத்துக்கு மேல் மெல்லிசையில் இருக்க வேண்டாம். ஓய்வு எழுதத் தயங்காதீர்கள்.

அடுத்துச் சார்ச்சேட்டாவைப் பாருங்கள். அது நீட்டி ஊதினால் எல்லாம் குழைந்துவிடும். ஒவ்வொரு ஸ்வரமும் எழுதியதில் பாதி நீளம்தான் ஒலிக்க வேண்டும். எழுதிய ஸி-க்குக் கீழே அதற்கு வேலை கொடுக்காதீர்கள், அந்தப் பகுதியில் ஒலி டியூபாவோடு கலந்து மங்கும். டிராம்போன்களுக்கும் அதே விதி. பேஸ் கிளெஃபின் இரண்டாவது இடைவெளியில் உள்ள ஸி-க்குக் கீழே மூன்றாம் ஸ்வர இடைவெளியில் இரண்டு குரல் எழுதினால் உறுமல்தான் மிஞ்சும். அங்கே ஒரே ஸ்வரமோ ஐந்தாம் இடைவெளியோ எழுதுங்கள்.

கிளாரினெட் கேட்கவில்லை என்றால் எந்த ஸ்தாயியில் எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதன் நடுவில், எழுதிய ஜி முதல் பி-ஃபிளாட் வரை, ஒலி மெலிந்த பகுதி. மெல்லிசையை அதற்கு மேலே கொண்டுபோங்கள். சினலோவாக் கிளாரினெட் உச்சியில், நிறைய அசைவோடு பாடும். அமரும் இடத்திலும் கிளாரினெட் முன்வரிசை, பித்தளை பின்னால், சூசாபோனும் தம்போராவும் நடுவில் ஒன்றையொன்று பார்க்கும்படி.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. பெரிய குழாயில் ஸ்வரம் பிறக்கச் சற்று நேரமாகும். டியூபா வாசிப்பவர் தம்போராவைக் கேட்ட பிறகு ஊதினால் எப்போதும் பின்தங்குவார். கோலின் அசைவைப் பார்த்து அதோடு சேர்ந்து ஊத வேண்டும். மூச்சு விடுவதற்கு அவர் ஒரு ஸ்வரத்தைக் கைவிட வேண்டிவந்தால், கார்ட் மாறும் இடத்தில் வரும் மூல ஸ்வரத்தைக் கைவிடக் கூடாது. அதற்கு முந்தைய பஞ்சமத்தை விடலாம்.

சுருதி ஒத்திகை அறையில் சேர்ந்து, வெயிலில் விலகுகிறதா? வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஊதுகருவிகளின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும். கருவிகள் சம அளவில் சூடாவதுமில்லை. வெளியே வந்து, பத்து நிமிடம் ஊதிய பிறகு சுருதி சேருங்கள்.

கேள்வி: போல்கா, வால்ட்ஸ் வருகின்றன. 6/8 தாளத்தில் வரும் சோன் (மெக்சிகோவின் நாட்டுப்புற ஆட்டப் பாட்டு) எடுத்தால் பாதியில் சிதறிவிடுகிறோம்.

பதில்: ஆறு சிறு அடிகளை இரண்டு விதமாகப் பிரிப்பதுதான் சோனின் அழகு. தகிட தகிட என்றும் வரும், தக தக தக என்றும் வரும். மெல்லிசை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கீழ்த்தளமும் கூடவே தாவிவிடுகிறது, அதுதான் சிதறல். கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் தகிட தகிட என்று இரண்டு தட்டு, மறுபக்கம் தக தக தக என்று மூன்று தட்டு, ஆறு மாத்திரையின் முதல் அடியில் இருவரும் சந்திக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துப் பக்கம் மாற்றுங்கள். இது நின்ற பிறகே கருவியை எடுங்கள்.

கேள்வி: பழைய பாட்டுதானே, அனுமதி எதற்கு?

பதில்: பழையது என்பது நாட்டுக்கு நாடு மாறும். மெக்சிகோவில் ஆசிரியர் இறந்து 100 ஆண்டுகள்வரை உரிமை உண்டு. 2003இல் வந்த திருத்தம் இது. அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். கிரினோ மெந்தோசா 1916இல் எழுதிய ‘ஹெசுசிதா என் சிவாவா’ போல்கா அமெரிக்காவில் பொதுவுடைமை. அவர் இறந்தது 1957இல் என்பதால் மெக்சிகோவில் இன்னும் உரிமை இருக்கிறது. ரோசாஸ் 1894இல் மறைந்தவர், ‘சோப்ரே லாஸ் ஓலாஸ்’ எங்கும் தடையில்லை. ‘தியோஸ் நுன்கா முவேரே’ வால்ட்ஸை எழுதிய வஹாகாவின் மசெதோனியோ அல்கலா 1869இலேயே மறைந்தவர், சகடேகாஸ் மார்ச்சும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தைரியமாக எடுக்கலாம்.

உரிமை உள்ள பாட்டை உங்கள் குழுவுக்கு அரேஞ்ச் செய்யவும் அனுமதி வேண்டும். மேடையில் வாசிப்பதற்கான உரிமம் தனி. பதிவு செய்து வெளியிடுவது இன்னொன்று. காணொளியின் கீழே ‘பாரம்பரிய இசை’ என்று யாரோ எழுதியிருப்பதை நம்பாதீர்கள். மெக்சிகோ இசையாசிரியர்கள் சங்கத்தின் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: முதல் நிகழ்ச்சியில் எதை வாசிக்கலாம்? ‘எல் நீன்யோ பெர்தீதோ’ எடுக்க ஆசை.

பதில்: இரண்டு வால்ட்ஸ், ஒரு மார்ச், இரண்டு போல்கா, ஒரு கும்பியா (கொலம்பியாவில் தோன்றிய நடன இசை), ஒரு சோன். நாற்பது நிமிடத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். பழகாத உதடுகள் அதற்கு மேல் தாங்காது. ட்ரம்பெட் உச்சத்தில் நிற்கும் பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவில் கிளாரினெட்டுக்கு ஒரு பாட்டுக் கொடுங்கள்.

நீங்கள் கேட்ட பாட்டு, தொலைந்த பிள்ளையைத் தேடும் கதை. ஒரு ட்ரம்பெட் மேடையில் அழைக்க, இன்னொன்று தூரத்திலிருந்து பதில் சொல்லி, மெல்ல மெல்ல நெருங்கிவரும். தாராளமாக எடுங்கள், ஆனால் தூரத்தை அளந்து வையுங்கள். ஒலி 34 மீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். கேள்வியும் பதிலும் மாறி மாறி வரும்வரை இது தெரியாது. இருவரும் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் தெளிவாகத் தெரியும். மேடையின் ஒலியைக் கேட்டு அவர் வாசித்தால் தாமதம் இரண்டு மடங்காகும், போகவும் வரவும். எனவே சேர்ந்து வாசிக்கும் பகுதி தொடங்குவதற்குள் தூரத்து ட்ரம்பெட் பத்து மீட்டருக்குள் வந்துவிட வேண்டும். வழியில் கூட்டம் மறித்தால் தரோலாக்காரர் உருட்டலை நீட்டிக்கொண்டிருக்கட்டும். ட்ரம்பெட்காரர் அந்த இடத்துக்கு வந்து கருவியை உயர்த்துவதுதான் அடுத்த பகுதிக்குச் சைகை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.